காக்ளியர் இம்ப்ளான்ட்: எலக்ட்ரோடு எந்த அறையில் இருக்கிறது என்று கேளுங்கள்

காது கேளாதவர்களுக்கு உள்காதில் பொருத்தும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றிப் பேச வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனிக் கருவி நல்லது என்பதைத்தான். தவறான கேள்வி அல்ல. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் கேட்பதில்லை: செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும், ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய நுனியுள்ள அந்த எலக்ட்ரோடு வரிசை உள்காதில் எந்த அறைக்குள், எவ்வளவு ஆழம் போய் உட்கார்ந்திருக்கிறது? எவ்வளவு உயர்ந்த கருவியாக இருந்தாலும், தவறான இடத்தில் இருந்தால் அதன் பலன் பெருமளவு வீணாகும்.

காக்ளியா என்பது உள்காதில் ஏறத்தாழ இரண்டரை முதல் இரண்டே முக்கால் சுற்றுச் சுருண்ட எலும்புக் குழாய். நீளவாக்கில் அது மூன்று அறைகளாகப் பிரிந்திருக்கிறது. எலக்ட்ரோடு போக வேண்டியது கீழறைக்குள். ஸ்கேலா டிம்பனி என்பது அதன் பெயர். அடிச்சுற்றில் இடம் கொஞ்சம் தாராளமாக இருப்பது அங்கேதான். செவி நரம்பின் செல்களும் அங்கிருந்து பக்கம். கீழறையின் கூரையாக இருக்கும் மெல்லிய சவ்வின் மேல்தான் கேட்கும் உறுப்பு அமைந்திருக்கிறது. எலக்ட்ரோடு அதைக் கிழித்துக்கொண்டு மேலறைக்குத் தாவினால் மிச்சமிருந்த இயற்கைச் செவித்திறன் பறிபோகும். பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனும் சராசரியாகக் குறைவாகவே அமைகிறது.

அறுவை சிகிச்சையில் காதுக்குப் பின்னால் தோலைத் திறந்து, மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து, முகநரம்புக்கும் நாக்கின் சுவை நரம்புக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாக நடுக்காதை அடைகிறோம். இந்த இடுக்கின் அகலம் சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர். முகநரம்பை டிரில்லின் முனைதான் காயப்படுத்தும் என்று நினைக்க வேண்டாம். முனை உள்ளே வேலை செய்யும்போது, சுழலும் தண்டு நரம்பை மூடிய மெல்லிய எலும்பின் மேல் உரசி, சூட்டிலேயே நரம்பைக் கெடுக்கலாம். அதனால்தான் தண்ணீர் இடைவிடாமல் பாய வேண்டும். முகநரம்பு மானிட்டரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்தது வட்டச் சாளரம், காக்ளியாவின் கீழறைக்குள் போகும் சவ்வு மூடிய வாசல். நடுக்காதின் சின்னஞ்சிறு எலும்பான ஸ்டேபீஸ் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் கீழே இருக்கிறது. உண்மையான சவ்வு நேரடியாகத் தெரியாது. எலும்பு விளிம்பு ஒன்று கூரை போல அதை மறைத்திருக்கும், பல சமயம் போலிச் சவ்வு ஒன்றும் முன்னால் மடிந்திருக்கும். 1 மில்லிமீட்டர் டயமண்ட் பர்ரை (வைரத்தூள் பூசிய டிரில் முனை) மெதுவாக ஓட்டி அந்த விளிம்பைத் தேய்த்து எடுத்தால்தான் சவ்வு முழுதாகத் தெரியும். இதற்கு இன்னும் கீழே நடுக்காதின் காற்றறைகள் இருக்கின்றன. பார்க்கச் சாளரக் குழி மாதிரியே இருக்கும். அதற்குள் எலக்ட்ரோடு தடையில்லாமல் போய்விடும், ஆனால் அது காக்ளியா அல்ல. ஸ்டேபீஸைக் கண்ணால் பார்த்து, அதிலிருந்து தூரத்தை அளந்து உறுதி செய்யாமல் திறக்கக் கூடாது.

சவ்வைத் திறக்கும் முன்பே மற்ற எல்லா வேலையும் முடிந்திருக்க வேண்டும்: ரிசீவரை (தோலுக்கடியில் வைக்கும் கருவியின் பகுதி) அதன் இடத்தில் பொருத்துவது, இரத்தக் கசிவை நிறுத்துவது, எலும்புத் தூளைக் கழுவி எடுப்பது. தூளும் இரத்தமும் உள்ளே போனால் அழற்சியும், பின்னாளில் புது எலும்பு வளர்ச்சியும் வரக்கூடும். திறந்த சாளரத்தின் மேல் சக்‌ஷன் வைக்கக் கூடாது. உள்காது திரவத்தை அது உறிஞ்சிவிடும். கருவி உள்ளே வந்த பிறகு மோனோபோலார் காட்டரியை (மின்சாரத்தால் சுட்டு இரத்தக் கசிவை நிறுத்தும் கருவி) தொடவே கூடாது.

எலக்ட்ரோடைச் செலுத்தும் திசை அடிச்சுற்றின் வெளிச்சுவரை ஒட்டி ஓட வேண்டும். சாளரத்தின் முன்கீழ் ஓரத்திலுள்ள சிறிய எலும்பு மேடு நுனியைத் திருப்பிவிடுகிறது என்றால் அதைச் சற்றே தேய்க்கலாம். வேகம் மிக முக்கியம். முழு வரிசையும் உள்ளே போகக் குறைந்தது ஒன்றிரண்டு நிமிடமாவது எடுக்க வேண்டும். அவசரமாகத் தள்ளினால் மூடிய குழாய்க்குள் திரவ அழுத்தம் ஏறி, எலக்ட்ரோடு தொடாத இடத்தையும் பாதிக்கும். சாளரத்தின் வாசலில் எலக்ட்ரோடு வில்லாக வளையத் தொடங்கினால், உள்ளே நுனி நகரவில்லை என்று அர்த்தம். அப்போது இன்னும் அழுத்துவதுதான் மிகப் பெரிய தவறு. கொஞ்சம் பின்னிழுத்து, கோணத்தை மாற்றி முயல வேண்டும். பிடிவாதமான தடை என்றால் இருக்கிற ஆழத்தோடு நிறுத்துவதே நல்லது.

எலக்ட்ரோடில் இரண்டு வகை உண்டு. நேரானது வெளிச்சுவரை ஒட்டிப் போகும்; மென்மையானது, இயற்கைச் செவித்திறனைக் காக்க ஏற்றது, ஆனால் மெல்ல வெளியே நழுவும் குணம் அதற்கு அதிகம். முன்பே சுருண்டது காக்ளியாவின் நடுவிலுள்ள எலும்புத் தண்டை அணைத்து நரம்புக்கு அருகில் நிற்கும். உறையோ உட்கம்பியோ அதை நேராகப் பிடித்திருக்கும். குறித்த இடம் வந்ததும் விடுவிக்க வேண்டும். இந்த நேரம் தவறினால் நுனி தன் மேலேயே மடங்கிக்கொள்ளும், அல்லது சவ்வைத் துளைத்து மேலறைக்குப் போகும்.

நுனி மடங்குதல்தான் எளிதில் ஏமாற்றும் சிக்கல். மடங்கிய எலக்ட்ரோடும் திரவத்துக்குள்தானே இருக்கிறது? அதனால் ஆபரேஷன் தியேட்டரில் பார்க்கும் மின்தடைச் சோதனை முற்றிலும் இயல்பாக வரலாம். நரம்பின் பதிலும் பதிவாகலாம். இதை நம்பித் தையல் போட்டுவிட்டால், மாதக்கணக்கில் மேப்பிங் (ஒவ்வொரு எலக்ட்ரோடின் மின் அளவைச் சரிசெய்வது) செய்தும் குழந்தைக்கு ஒலிகள் குழம்பும். ஏன் என்று யாருக்கும் புரியாது. நோயாளி மேசையில் இருக்கும்போதே ஒரு எக்ஸ்ரே எடுத்தால் சீரான சுருளா, மடங்கலா என்று தெரிந்துவிடும். அப்போதே எடுத்துத் திரும்பப் பொருத்தலாம். அடுத்த மாதம் தெரிந்தால் இன்னொரு அறுவை சிகிச்சை. மின்தடைச் சோதனை மட்டும் போதும் என்ற பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

பொருத்திய பின் சாளரத்தைச் சுற்றித் தசைத்துணுக்குகளால் இறுக்கமாக அடைக்கிறோம். மிச்சக் கம்பியை மாஸ்டாய்டு குழிக்குள் சுருட்டி வைக்கிறோம், அது தானாக விரிந்து எலக்ட்ரோடை வெளியே இழுக்காதபடி. குழந்தைகளுக்குக் கம்பியில் நெகிழ்வு விடுவது அவசியம். காக்ளியா பிறக்கும்போதே முழு அளவில் இருக்கிறது. மாஸ்டாய்டு மட்டும் பல வருடம் வளரும்.

மூளைக்காய்ச்சலுக்குப் பின் காது கேட்காமல் போனவர்கள் நாள் கடத்தவே கூடாது. சில வாரங்களிலேயே காக்ளியாவுக்குள் எலும்பு படரத் தொடங்கலாம். அது முழுதாக அடைத்துவிட்டால் அடிச்சுற்றைக் குடைந்தோ, மேலறை வழியாகவோ, இரண்டாகப் பிரிந்த எலக்ட்ரோடு கொண்டோதான் முயல முடியும், பலன் குறைவு. பிறவியிலேயே காக்ளியா சரியாக உருவாகாதவர்களுக்குச் சாளரத்தைத் திறந்ததும் மூளைத் தண்டுவடத் திரவம் பீறிட்டு வரலாம், எலக்ட்ரோடு நழுவி நரம்புக் கால்வாய்க்குள் போகவும் கூடும். சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டையும் முன்கூட்டியே எடுப்பது இதற்காகத்தான். யாராக இருந்தாலும் நிமோகாக்கல் தடுப்பூசி அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: எலக்ட்ரோடு தெரியும் எக்ஸ்ரே, வட்டச் சாளரம் வழியாகவா, காக்ளியாவில் போட்ட தனித் துளை வழியாகவா பொருத்தியது என்ற குறிப்பு, வரிசையிலுள்ள எத்தனை எலக்ட்ரோடுகள் முழுதாக உள்ளே, ஏதாவது வெளியே நிற்கிறதா, ஒவ்வொன்றின் மின்தடை அளவு. பின்னாளில் கருவி இயங்கும்போது முகம் துடித்தாலோ, தலைசுற்றினாலோ, நன்றாகக் கேட்டவர் திடீரென்று பின்தங்கினாலோ, சாளரத்தை ஒட்டிய எலக்ட்ரோடுகளில் மட்டும் மின்தடை ஏறினாலோ புது எக்ஸ்ரே எடுப்பார்கள். முகத் துடிப்பு, சரியான இடத்தில் இருந்தாலும் வரலாம், குறிப்பாக ஓட்டோஸ்கிளிரோசிஸ் (காது எலும்பில் இயல்பற்ற வளர்ச்சி வரும் நோய்) உள்ளவர்களுக்கு. அந்த ஒரு சில எலக்ட்ரோடுகளை அணைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் எலக்ட்ரோடு நகர்ந்ததா இல்லையா என்று சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் கையில் இருக்க வேண்டும்.