பெல்ட் கீச்சிட்டால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்
வாசகர் ஒருவர் தன் காரின் இன்ஜினில் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும், பெல்ட்டால் சுழலும் கருவி) பொருத்தியிருக்கிறார். அன்றிலிருந்து ஐட்லிங்கில் குருவி கத்துவதுபோல கீச் கீச் என்று சத்தம். இரண்டு முறை பெல்ட்டை மாற்றிவிட்டாராம். மாற்றினால் சில நாள் அமைதி, அப்புறம் பழையபடி. ஏன் என்று கேட்கிறார். எனக்குப் பெல்ட்டின் மேல் சந்தேகமில்லை. பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

இன்ஜினின் முன்பக்கம், இன்ஜின் நேரடியாகச் சுழற்றும் கிராங்க் புல்லி சுழல, ஒரே பெல்ட் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரெசர் என எல்லாவற்றையும் சுற்றுகிறது. பெல்ட்டின் உட்புறம் நீளவாக்கில் ஓடும் முகடுகள், புல்லியின் பள்ளங்களில் ஆப்பு இறங்குவதுபோல இறங்கி இறுகும். பள்ளத்தின் கோணம் 40 டிகிரி. இந்த இறுக்கத்தால், அதே ரப்பரில் செய்த தட்டைப் பெல்ட்டைவிட உராய்வு கிட்டத்தட்ட 3 மடங்கானது போன்ற பிடிப்பு கிடைக்கிறது. 160 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிராங்க் புல்லி நிமிடத்துக்கு 6000 முறை சுற்றும்போது பெல்ட் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது.

சரி, ஒரு புல்லி கொஞ்சம் முன்னால் தள்ளி இருந்தால்? முகடு பள்ளத்துக்குள் நேராக இறங்க முடியாது. ஒரு பக்கச் சுவரில் முதலில் மோதி, அதை உரசிக்கொண்டே உள்ளே போக வேண்டும். ரப்பர் அப்படி எளிதில் வழுக்கிப் போகிற பொருளா? சுவரைப் பிடித்துக்கொள்கிறது. பெல்ட் மேலும் இழுக்க, பிடித்த இடத்தில் ரப்பர் வளைந்து விசையைச் சேர்த்து வைக்கிறது. தாங்க முடியாத கணத்தில் சட்டென்று விடுபட்டு நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது. இப்படி நொடிக்குப் பல நூறு முறை நடந்தால் அது சத்தமாகிவிடும். கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவதும் இதே பிடித்து நழுவும் ஆட்டம்தான். சாக்பீஸை ஈரமாக்கினால் அந்தக் கிறீச் அடங்கிவிடும்.

பெல்ட்டுக்கும் அதே வைத்தியம் சோதனையாகப் பயன்படுகிறது. இன்ஜின் ஓடும்போது, கையும் துணியும் பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில் நின்று, முகடுள்ள பக்கத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். கீச் நின்று, ஈரம் காய்ந்ததும் திரும்பினால் புல்லி கோணல். ஈரத்தில் சுவரின் பிடி தளர்ந்ததால் ரப்பர் சத்தமில்லாமல் வழுக்கி இறங்கியிருக்கிறது. மாறாக, தெளித்ததும் சத்தம் கூடினால் பெல்ட்டில் இழுவிசை போதவில்லை. ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்த பெல்ட் இருந்த பிடியையும் இழந்து வீறிடுகிறது. ஒரே தண்ணீர், உராய்வை ஒரே மாதிரிதான் குறைக்கிறது. ஆனால் இரண்டு கோளாறுகளும் எதிரெதிராகப் பதில் சொல்கின்றன! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

எவ்வளவு கோணல் அதிகம் என்பது புல்லிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பொறுத்தது. 300 மில்லிமீட்டர் இடைவெளியில் 1 மில்லிமீட்டர் விலகல் 0.2 டிகிரிதான். அதே 1 மில்லிமீட்டர், 60 மில்லிமீட்டர் இடைவெளியில் ஏறக்குறைய 1 டிகிரி. சூப்பர்சார்ஜர் பொருத்தும்போது பெல்ட் புல்லியை அதிகம் சுற்றிப் பிடிக்க ஐட்லர்களை (பெல்ட்டுக்கு வழிகாட்டச் சும்மா சுற்றும் புல்லிகளை) நெருக்கி வைக்கிறார்கள், அதனால் குட்டை இடைவெளிகள் கூடிவிடுகின்றன. ஒரே குடும்பத்து இன்ஜின்களின் பாகங்களைக் கலந்தாலும் சிக்கல் வரும். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் இன்ஜின்களில், கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் பெல்ட் ஓடும் தளத்தைவிட டிரக்கில் அது சுமார் 38 மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது.

இன்ஜினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். முகட்டின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோல மின்னுகிறதா? பெல்ட் விளிம்பில் நூல் பிரிந்து தொங்குகிறதா? கிராங்க் புல்லியில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே உள்ள ரப்பர் கிழடு தட்டி, வெளிவளையம் நகர்ந்திருக்கிறதா? அப்புறம் நேரான இரும்புப் பட்டையைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பாருங்கள். முகத்திலிருந்து முதல் பள்ளம் வரையுள்ள தூரம் புல்லிக்குப் புல்லி மாறும், அதையும் அளந்து கழிக்க வேண்டும். பட்டையில் எல்லாம் நேராகத் தெரிந்தும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் கீச்சிட்டால் சூப்பர்சார்ஜரைத் தாங்கும் பிராக்கெட்டைச் சந்தேகப்படுங்கள். சூப்பர்சார்ஜர் சுமை ஏறும்போது அது வளைகிறது.

தயவுசெய்து ஒட்டுப்பசை ஸ்ப்ரே அடிக்காதீர்கள். "அடித்தால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை வொர்க்‌ஷாப்களின் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். சத்தம் சில நாள் மறையும், தூசி பசையில் படிந்து முகட்டைத் தின்னும், கோணல் அப்படியே இருக்கும். உராய்வும் தேய்மானமும் தனி அறிவியல் துறை என்று 1966இல் பிரிட்டனில் வெளியான ஜோஸ்ட் அறிக்கை அழுத்திச் சொன்னது. இந்தத் துறைக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி கேட்ட வாசகரே, தண்ணீர் தெளித்ததும் கீச் நின்றால் மூன்றாவது பெல்ட் வாங்காதீர்கள். சூப்பர்சார்ஜர் புல்லிக்கும் அதையொட்டிய ஐட்லருக்கும் நடுவே உள்ள குட்டை இடைவெளியை முதலில் அளந்து பாருங்கள். பிராக்கெட்டுக்கு அடியில் 1 மில்லிமீட்டர் ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்தாலே தீர்ந்துவிடக்கூடும்.