பால்வாடிக்கு வருமானச் சான்று வேண்டாம், நாலாயிரத்துக்கு வேண்டும்

அங்கன்வாடி என்று போர்டில் எழுதியிருந்தாலும் சென்னையில் நமக்கு அது இன்னும் பால்வாடிதான். குழந்தையைச் சேர்க்கப் போகும்போது ரேஷன் கார்டு, வருமானச் சான்று, வாடகை ஒப்பந்தம் என்று ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய இந்தக் குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் எல்லோருக்கும் உண்டு. 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கே தரும் உணவைச் சட்டப்படியான உரிமையாகவும் ஆக்கிவிட்டது. தலைப்பில் உள்ள நாலாயிரம் வேறு: பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குழந்தைக்கு ஆதார் எடுக்கவில்லையா? அம்மாவின் ஆதார் போதும். சிக்கல் வருவது வீடு மாறும்போதுதான். ஆற்றங்கரையிலிருந்து கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ போன குடும்பத்தின் பெயர் பழைய மையத்திலேயே கிடக்கும். புது இடத்து டீச்சர் செல்போனைப் பார்த்துவிட்டு, "உங்க பேரு அங்கதாம்மா காட்டுது" என்பார். திருப்பி அனுப்ப அது ஒரு காரணமே இல்லை. அங்கன்வாடிப் பதிவுகளுக்கான போஷன் டிராக்கர் செயலியில் பதிவை இடம் மாற்ற வழி இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வெளி மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களுக்கும் இதே வழிதான்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்கே தருவார்கள். கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஆறு மாதம் வரை தாய்க்கும் உண்டு. 2025 ஜூலையிலிருந்து மாவு வாங்குபவரின் முகத்தைச் செயலியில் சரிபார்க்கிறார்கள். அதனால் பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பினால் வேலைக்கு ஆகாது. கொஞ்சம் வளர்ந்து மையத்துக்கு வரும் குழந்தைகளுக்கு மதியம் சூடான சாப்பாடு, வாரத்தில் மூன்று முட்டை.

அங்கன்வாடி என்றால் சோறு மட்டும்தான் என்று நினைப்பதால்தான் பலர் மீதியைக் கேட்பதே இல்லை. மாதாமாதம் எடை, உயரம் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். மேல்கையைச் சுற்றி ஒரு டேப் வைப்பார்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மஞ்சள், 11.5-க்கும் கீழே போனால் சிவப்பு. சிவப்பு வந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். டேப்பை எடுத்ததும் "என்ன நிறம்?" என்று கேட்டுவிடுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை நடமாடும் மருத்துவக் குழு மையத்துக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். இரண்டரை வயதாகியும் பேச்சு வராத பிள்ளையை "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று வீட்டில் ஆறப்போடுவதுண்டு. குழு வரும் தேதியை டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு மட்டுமாவது லீவு போடாமல் கொண்டுபோங்கள்.

படிப்புக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்கும் எல்.கே.ஜி.யைவிட, கதையும் பாட்டும் விளையாட்டுமாக நடக்கும் இதுதான் அந்த வயதுக்குப் பொருந்தும் என்பேன். நடத்துவது டீச்சரைப் பொறுத்தது, அதையும் மறைக்க முடியாது.

உங்கள் குடிசைப் பகுதியில் மையமே இல்லையா? ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்தால், கேட்ட மூன்று மாதத்துக்குள் தொடங்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெற்றோர் கையெழுத்தோடு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் முதல்வரின் உதவி எண்ணான 1100-ல் புகார் பதியலாம்.

இனி அந்த நாலாயிரம். கணவர் இறந்தோ பிரிந்தோ போய், பிள்ளையை வளர்க்க வழியில்லாமல் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்க நினைக்கும் அம்மாக்கள் நம் ஊரில் நிறைய. வறுமைக்காகக் குழந்தை வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவுத் திட்டம் இருக்கிறது: ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். பெற்றோரை இழந்து தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள், பெற்றோர் தீராத நோயில் விழுந்த பிள்ளைகளும் கேட்கலாம்.

இதற்கு வருமானச் சான்று கட்டாயம். நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் எட்டாயிரம்! சென்னையில் வாடகைக்கும் கரண்ட் பில்லுக்குமே அது காணாது. இந்த வரம்பை எப்போதோ உயர்த்தியிருக்க வேண்டும்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். யார் சமைக்கிறார்கள், அம்மா வேலைக்குப் போனால் பிள்ளை யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் விசாரிப்பார். வீட்டைச் சோடித்து வைக்க வேண்டாம். உள்ள கஷ்டத்தை உள்ளபடி சொன்னால்தான் அறிக்கை சரியாக வரும். அதைப் பார்த்து மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு முடிவெடுக்கும். கேட்டவுடன் கிடைத்துவிடாது, ஒதுக்கீட்டுக்கு ஏற்றபடிதான். கிடைத்தபின் பிள்ளை பள்ளிக்குத் தொடர்ந்து போக வேண்டும். நடுவில் இல்லத்திலோ ஹாஸ்டலிலோ சேர்த்துவிட்டால் பணம் நின்றுவிடும்.