சரிவில் வண்டி சாயும் கணக்கு

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரங்களில் தோப்புகளுக்கும் மலையடி நிலங்களுக்கும் செல்லும் மண்பாதைகளில் கவிழும் ஜீப்புகளையும் பிக்கப் வண்டிகளையும் நிமிர்த்திப் பழுது பார்ப்பது என் தொழில். “நேற்றுகூட இதே வழியில்தான் போய்வந்தேன்” என்று ஓட்டுநர்கள் சொல்வது பொய்யன்று. சரிவு மாறியிருக்காது, சக்கரம் மிதித்த கல்லும், ஏற்றிய பாரத்தின் உயரமும்தான் மாறியிருக்கும்.

இடவலச் சக்கரங்களின் இடைவெளி 140 செ.மீ., ஈர்ப்பு மையத்தின் (வண்டியின் எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியின்) உயரம் 70 செ.மீ. என்று கொண்டால், நிற்கும் வண்டி ஏட்டளவில் 45 பாகைப் பக்கச் சாய்வு வரை தாங்கும். மாங்காய் கிரேட்டுகளை அடுக்கடுக்காக ஏற்றி அந்த மையம் 90 செ.மீ. உயரத்துக்குப் போய்விட்டால் எல்லை 38 பாகையாகக் குறையும். இனி, 20 பாகைச் சரிவில் குறுக்கே போகும்போது மேட்டுப்பக்க முன்சக்கரம் 25 செ.மீ. கல்லின்மேல் ஏறினால் முன் அச்சு மேலும் 10 பாகை சாயும். பின் அச்சு அப்படியே இருக்கும்வரை உடற்பகுதிக்கு அதில் ஏறத்தாழப் பாதிதான் வந்து சேரும். அதே நொடியில் பள்ளத்துப்பக்கப் பின்சக்கரம் அதே அளவு ஆழமான குழியில் இறங்கினால் அந்தச் சலுகையும் போய்விடும். தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்கும் டயரும் அமுங்குவதால் கூடும் சாய்வு வேறு. 38 பாகையில் மிஞ்சியிருப்பதை ஒரு குலுக்கலே தின்றுவிடும்.

இருக்கையில் உட்கார்ந்து கண்ணால் சரிவை அளப்பதை நான் நம்புவதில்லை. ஒரு மீட்டர் சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப்பக்கத் தரையில் வைத்து, கொத்தனாரின் ரசமட்டத்தால் அதைச் சமப்படுத்தி, மறுமுனைக்குக் கீழே உள்ள இடைவெளியை அளந்தால் போதும்: 27 செ.மீ. என்றால் 15 பாகை, 36 செ.மீ. என்றால் 20 பாகை. பாரம் ஏற்றிய வண்டியை 15 பாகைக்கு மேல் குறுக்கே ஓட்டாதீர்கள் என்றே நான் சொல்வேன். மழைக்குப் பின் செம்மண்ணில் அதுவும் அதிகம். பக்கவாட்டில் வழுக்கும் வண்டி ஒரு மரக்கட்டையில் முட்டினால் சரிவு குறைவாக இருந்தாலும் புரண்டுவிடும். பாதி நிரம்பிய தண்ணீர் டேங்கர் இன்னும் மோசம். தண்ணீர் தாழ்ந்த பக்கமே ஓடிச் சேரும்.

வண்டி சாயத் தொடங்கினால் ஸ்டியரிங்கை மேட்டை நோக்கித் திருப்புவது பலருக்கும் இயல்பாக வருகிறது. அது பாரத்தைப் பள்ளத்தை நோக்கியே தள்ளும். இடமிருந்தால் இறக்கத்தை நோக்கித் திருப்ப வேண்டும். சீட் பெல்ட்டைக் கழற்றிக் குதிக்க முயல்பவர் வண்டிக்கு அடியிலேயே சிக்கக்கூடும். மேட்டுப்பக்கப் படியில் ஆளைத் தொங்கவிட்டுச் சமன் செய்வது நம் பக்கத்து வழக்கம், வீண் துணிச்சல். வண்டி சாய்ந்தபடி நின்றுவிட்டால் எல்லோரும் மேட்டுப்பக்கமாகவே இறங்க வேண்டும். கயிறு கட்டி முடிக்கும்வரை பள்ளத்துப்பக்கம் ஒருவரும் நிற்கக்கூடாது.