ஒட்டு நகம் சோற்றுக் கோப்பைக்குள் விழுந்தது ஏன்?

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தாள். அக்காவின் கல்யாணத்துக்கென்று ஓன்லைனில் எடுப்பித்த ஒட்டு நகங்கள் பத்தையும், விடியக் குளித்து முடித்த கையோடு ஒட்டியிருக்கிறாள். படம் எடுத்து முடியும்வரை எல்லாம் ஒழுங்காக நின்றிருக்கிறது. மத்தியானம் சோறு பிசையும்போது பெருவிரல் நகம் கழன்று பருப்புக் கறிக்குள் கிடந்ததாம். பின்னேரத்துக்குள் இன்னும் மூன்று போய்விட்டன. "கொஞ்சம் போட்டா காணாது எண்டு பசைய ரெண்டு மடங்கு போட்டன் அக்கா. அப்பிடியும் ஏன் கழண்டுது? சலூனில ஒட்டினா மட்டும் எப்பிடி ரெண்டு கிழமை நிக்குது?" என்று கேட்டிருந்தாள்.

பதில் அவளுடைய கடிதத்திலேயே இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று அந்த இரண்டு மடங்கு. மற்றது குளித்து முடித்த கை.

பசை என்றால் காய வேண்டும் என்றுதான் நினைக்கிறோம். மாப்பசையிலும் பள்ளிக்கூடத்துக் கம் போத்தலிலும் அது சரி. தண்ணீர் ஆவியாகப் போகப் போக ஒட்டு இறுகும். ஒட்டு நகத்தோடு வரும் சின்னக் குழாயில் இருப்பது இதற்கு நேர்மாறு. தண்ணீர் வந்தால்தான் அது இறுகும். இத்தனை வருடம் இரசாயனவியல் படிப்பித்தும் எனக்கு அலுக்காத விஷயம் இது, அதனால் கொஞ்சம் ஆறுதலாகவே சொல்கிறேன்.

குழாயில் இருப்பது சயனோஅக்கிரிலேற்று. சுப்பர் குளூவும் இதே குடும்பம்தான். எதீன் மூலக்கூறுகள் இரட்டைப் பிணைப்பைத் திறந்து, ஒன்றோடொன்று கோத்துப் பொலித்தீன் ஆவதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இங்கும் அதே கதைதான். ஆனால் எதீனுக்கு உயர் அமுக்கமோ ஊக்கியோ வேண்டும். இதற்குக் காற்றில் இருக்கும் ஈரமே போதும்.

காரணம் மூலக்கூற்றின் அமைப்பில் இருக்கிறது. இரட்டைப் பிணைப்பின் ஒரு காபனில் சயனோக் கூட்டமும் எசுத்தர்க் கூட்டமும் ஒட்டிக்கொண்டு, இரண்டுமாக இலத்திரன்களைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன. அதனால் மற்றக் காபன் இலத்திரனுக்கு ஏங்கி நிற்கிறது. எந்தத் தண்ணீரிலும் கொஞ்சம் ஐதரொட்சைட்டு அயன் இருக்கும் அல்லவா? அது வந்து அந்தக் காபனில் ஏறியதும் பிணைப்பு திறக்கிறது, மறை ஏற்றம் மறுபக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. அந்தப் பக்கம் உடனே அடுத்த மூலக்கூற்றைப் பிடிக்கிறது. ஏற்றம் அதன் நுனிக்குப் போகிறது, அது அடுத்ததைப் பிடிக்கிறது. வீடு கட்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவது போலத்தான், ஆனால் இங்கே செங்கல்லை வாங்கியவரும் சுவரில் ஒரு கல்லாகிவிடுகிறார். சில விநாடியில் திரவமாக இருந்தது கெட்டிப் பிளாஸ்டிக்.

அப்போ குழாய்க்குள்ளேயே ஏன் இறுகிவிடவில்லை? தயாரிக்கும்போதே மிகச் சிறிதளவு அமிலம் சேர்த்து விடுகிறார்கள். தப்பித்தவறி உள்ளே வரும் ஐதரொட்சைட்டை அது அடக்கிவிடும். நகத்தின் மேல் எப்போதும் படிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தைச் சந்திக்கும்போது மட்டும் அந்தக் காவல் தோற்றுவிடும்.

ஈரம் இருப்பது நகத்தின் மேற்பரப்பில். பசை மெல்லிசாகப் பரவியிருந்தால் அதன் எந்த இடமும் ஈரத்துக்குக் கிட்டத்தான் இருக்கும். தடிப்பாகப் போட்டால் ஓரமெல்லாம் இறுகி, நடு மணிக்கணக்காக இளகியே கிடக்கும். மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் நகமும் காற்றின் ஈரத்தை உள்ளே விடாது. ஒரு பழைய சீடியின் மேல் பெரிய துளி ஒன்றை விட்டு, பத்து நிமிடம் கழித்து ஊசியால் குத்திப் பாருங்கள். மேலே ஆடை படிந்திருக்கும், ஊசி நுனியில் தேன் போல நூல் இழுபடும். தங்கச்சியின் பெருவிரலில் இரண்டு மடங்காகப் போட்ட பசையும் உள்ளே அப்படித்தான் கிடந்திருக்கும்.

மட்டக்களப்புக்காரருக்கு இதில் தனிக் கணக்கு ஒன்றும் உண்டு. ஆனி, ஆடியில் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி உலர்ந்துபோய் வருகிறது. அதுதான் எங்கள் கச்சான். சில நாட்களில் கடற்காற்றையே கரைக்கு வர விடாது. கச்சான் வீசும் பின்னேரத்தில் ஒட்டினால் பசை மெதுவாகத்தான் பிடிக்கும், நான் ஒவ்வொரு நகத்தையும் ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடிப்பேன். மார்கழி மாரியில் கதையே வேறு. பசையை விட்டு நகத்தை நேராக்க முன்னமே கெட்டியாகிவிடும். இந்தப் பசைக்குத் தோதான சாரீரப்பதன், அதாவது காற்றில் இருக்கும் ஈரத்தின் அளவு, 40 முதல் 60 வீதம் வரை. எங்கள் கரையில் மாரிக்காலத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. அந்த நேரம் பத்து நகத்துக்கும் முதலே பசை தடவி வைக்காமல், ஒன்றை ஒட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

மாரியில் ஒட்டினால் சில வேளை நகத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துப்போய்த் தெரியும். கூடப் போட்ட பசையின் ஆவி எழும்பி, காற்றின் ஈரத்தோடு இறுகி, தோலில் படிந்த பொடிதான் அது. இதே குணத்தைப் பிடித்துக்கொண்டு 1970களின் கடைசியில் ஜப்பான் பொலிஸார் கைரேகை எடுக்கத் தொடங்கினார்கள். மூடிய பெட்டிக்குள் பசையைச் சூடாக்கினால், பொருளில் பதிந்த ரேகையின் வியர்வைப் படிவில் ஆவி போய் வெள்ளைக் கோடாக இறுகும்.

ஒரு எச்சரிக்கையும் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். சிந்திய பசையைப் பஞ்சால் துடைக்காதீர்கள். பஞ்சின் செலுலோசும் அதன் ஈரமும் இந்தத் தாக்கத்தை மிக வேகமாக்கும், நாரின் பரப்பும் பெரிது. வெளிவரும் வெப்பத்தில் தோலே வெந்துபோகும். மடியில் கொட்டுப்பட்டால் பருத்தித் துணியை உடனே உடம்பில் இருந்து விலக்கிப் பிடியுங்கள்.

இந்தப் பசையைத் தேடிக் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. 1942இல் அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில் ஹரி கூவரின் குழு துவக்குகளின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தது. இந்தப் பொருள் தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டதால் தூக்கி வைத்துவிட்டார்கள். 1951இல் கூவரோடு வேலை செய்த பிரெட் ஜோய்னர் அதன் ஒளிமுறிவை அளக்கப் போய், விலைகூடிய கருவியின் இரண்டு அரியங்களும் ஒட்டிக்கொண்டன. அப்போதுதான் கையில் இருப்பது என்ன என்று விளங்கியது. 1958இல் சந்தைக்கு வந்தது. ஒன்பது வருடம் யாருக்கும் தேவைப்படாமல் கிடந்த பொருள், இன்றைக்குச் சத்திரசிகிச்சையில் காயத்தை மூடவும் உதவுகிறது. இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதமும் இல்லை. அந்தக் கொஞ்சத்துக்கும் "இதால் உடனே என்ன பயன்?" என்று கேட்கிறார்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு, ஏன் இப்படி ஒட்டுகிறது என்று சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் காசும் நேரமும் கிடைக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

சரி, குளித்த கைக்கு வருவோம். நகம் என்பது அரை மில்லிமீற்றர் அளவு தடிப்பான கெரற்றின் தகடு. பார்க்கத்தான் கல் மாதிரி, தண்ணீரை நன்றாகவே உறிஞ்சும். குளித்த உடனே நகம் ஊறி, கொஞ்சம் பருத்து, வளைவும் தளர்ந்திருக்கும். அந்த நேரம் ஒட்டினால், பிறகு உலர்ந்து சுருங்கும்போது நகம் நகரும், இறுகிய பசை நகராது. இரண்டுக்கும் நடுவே விரிசல் விழும். குளித்து இரண்டு மணித்தியாலமாவது போகட்டும்.

எண்ணெய் அடுத்த எதிரி. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், பரப்பு பிடிக்கவில்லை என்றால் திரவம் பரவாமல் குவிந்துகொள்ளும். எண்ணெய்ப் பிசுக்குள்ள நகத்தில் பசைக்கும் அதே கெதிதான். நகத்தின் அடித்தோலை மெதுவாகப் பின்னால் தள்ளி, பழைய கியூடெக்ஸை எடுத்து, மினுக்கம் போகும் அளவுக்கு மட்டும் அராவிவிட்டு, மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடையுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், அது படலமாக மிஞ்சும். துடைத்த பிறகு விரலால் தொட்டும் பார்க்காதீர்கள்.

அளவு இரண்டுக்கும் நடுவில் வந்தால் பெரியதை எடுத்துப் பக்கங்களை அராவுங்கள். வைக்கும்போது அடித்தோல் பக்கம் முதலில் தொட்டு, சரிவாகப் பிடித்து, நுனியை நோக்கி இறக்கினால் காற்று முன்னால் ஓடிவிடும். உள்ளே காற்று அகப்பட்டால் கைகழுவும் தண்ணீரும் ஒரு நாள் அங்கே போகும். நாட்கணக்கில் ஈரம் தேங்கினால் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். சலூனில் இரண்டு கிழமை நிற்பதன் இரகசியம் முக்கால்வாசி இந்தத் துடைப்பிலும் அழுத்தத்திலும்தான்.

சோறு பிசையும் கைக்கு நீளமும் முக்கியம். பிளாஸ்டரை மேலே நேராக இழுத்தால் வராது, மூலையில் கிளப்பினால் உரிந்து வரும், ஏனென்றால் விசை முழுவதும் ஒரு கோட்டில் விழுகிறது. நீள நகம் ஒரு நெம்பு. நுனியில் கொடுக்கும் சின்ன உந்தலும் அடியில் உரித்தலாகிவிடும். கையால் சாப்பிடுகிற எங்களுக்குக் கட்டை நகமே நல்லது. தொழுகைக்கு முதல் கைகால் கழுவி வுழூச் செய்ய அடிக்கடி கழற்ற வேண்டிய காத்தான்குடி, சாய்ந்தமருதுத் தோழிகளுக்குப் பசையைவிட இரண்டு பக்கமும் ஒட்டும் ஒட்டுத்தாள் வசதி. அது இறுகுவதில்லை, மெதுவாகப் பரவிப் பிடிக்கும், உரிக்கவும் வரும்.

பசையால் ஒட்டியதைக் கிளப்பிக் கழற்றாதீர்கள். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டு, போகாவிட்டால் அசற்றோன் நனைத்த பஞ்சைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். இறுகிமுடிந்த பசையோடு பஞ்சுக்கு வேலை இல்லை, அதனால் இங்கே பயமில்லை. இழுத்துக் கழற்றினால் நகத்தின் மேல் அடுக்கு சேர்ந்து வந்து வெள்ளைத் திட்டுகள் விழும். சின்ன வயதில் படுவான்கரை வயலுக்கு மேலே கொக்குப் பறக்கும்போது நகத்தில் பூப் போடச் சொல்லிக் கையை நீட்டியிருக்கிறோம், அது அழகான விளையாட்டு. ஆனால் அந்த வெள்ளைப் புள்ளியைக் கண்டதும் கல்சியம் குறைவு என்று குளிசை வாங்கிக் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரும்பாலும் அது நகம் முளைக்கும் இடத்தில் பட்ட சின்ன அடிதான். மாதம் மூன்று மில்லிமீற்றர் அளவில் நகம் வளர, புள்ளியும் நகர்ந்து வெட்டுப்பட்டுப் போகும்.

மிச்சப் பசையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்றும் தங்கச்சி கேட்டிருந்தாள். வைக்கலாம், மூடி இறுக்கமாக இருந்தால். எடுத்த உடனே மட்டும் திறக்க வேண்டாம். குளிர்ந்த குழாயைத் திறந்தால் கல்லடிக் காற்றோ களுவாஞ்சிக்குடிக் காற்றோ வாயில் வியர்த்து நீர்த்துளியாகும், அந்தத் துளியோடு குழாய் வாயே அடைத்துவிடும். அரை மணித்தியாலம் மேசையில் கிடக்கட்டும்.