அடியில் உள்ள முத்திரையை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

மறுபடியும் ஒருவர். பணி ஓய்வில் வந்த தொகையில் பெரும்பகுதியைக் கொடுத்து ஒரு பூ ஜாடி வாங்கியிருக்கிறார். அடியில் சீனப் பேரரசர் சியான்லோங்கின் ஆறெழுத்து முத்திரை, கூடவே விற்றவரே அச்சடித்துக் கொடுத்த சான்றிதழ். ஜாடியைக் கவிழ்த்து அடி வளையத்தை ஈரப் பஞ்சால் ஒரு தடவை துடைத்தேன். இருநூறு வருடக் கறை என்று சொல்லி விற்கப்பட்ட பழுப்பு நிறம் பஞ்சில் வந்துவிட்டது. பழைய பீங்கானைச் செப்பனிடுவதும் மதிப்பிடுவதும் என் தொழில். வாங்கியது போலி என்ற செய்தியை ஒருவரிடம் சொல்வதுதான் அதில் எனக்குப் பிடிக்காத வேலை. இனியாவது வாங்கும் முன்பு கேளுங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எல்லாத் தவறுக்கும் வேர் ஒரே நம்பிக்கை: முத்திரையில் எந்தப் பேரரசர் பெயர் இருக்கிறதோ, பொருள் அவர் காலத்தது. இல்லவே இல்லை. இன்று வாங்கிய எவர்சில்வர் டம்ளரில் கொள்ளுத் தாத்தா பெயரை வெட்டச் சொன்னால் கடைக்காரர் வெட்டித்தான் தருவார். டம்ளர் அதனால் அவர் காலத்தது ஆகிவிடாது. சீனாவில் முந்தைய ஆட்சியின் முத்திரையைப் போடுவது பல சமயம் ஏமாற்றுக்காகக்கூட இல்லை, முன்னோரின் கைத்திறனுக்குச் செய்யும் மரியாதை. மிங் வம்சத்து சுவாண்டே (1426-1435), செங்ஹுவா (1465-1487) ஆட்சிப் பெயர்களை, ஏறத்தாழ இருநூறு வருடங்கள் கழித்து, சிங் வம்சத்து காங்ஷி காலக் கலைஞர்கள் தாராளமாக எழுதினார்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1677இல், பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டெஜென் ஊரின் அதிகாரி, ஆளும் பேரரசர் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று தடை போட்டார். பாத்திரம் உடைந்து குப்பைக்குப் போனால் பெயருக்கு இழுக்கு என்ற பயம். அதனால் காங்ஷி காலத்து அசல் பொருளில் செங்ஹுவா பெயர் இருக்கலாம், வெறும் இரட்டை நீல வட்டம் மட்டும் இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். மாறாக, காங்ஷியின் நாலெழுத்து முத்திரையோடு வரும் நீல வெள்ளை ஜாடிகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டிலோ அதற்கும் பின்னாலோ செய்தவை. முத்திரையை நாங்கள் கடைசியில்தான் பார்ப்போம். முதலில் மண், எடை, அடி வளையம், மெருகு (பாத்திரத்தின் மேலே பூசிச் சுட்ட கண்ணாடிப் பூச்சு), வண்ணம். இவை எல்லாம் ஒரே காலத்தைச் சொன்னால்தான் முத்திரைக்கே மரியாதை.

பழசாக்கும் வித்தையும் புதிதல்ல. தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1712இல் எழுதிய கடிதத்தில் ஜிங்டெஜென் வேலையை விவரிக்கும்போதே இதையும் சொல்லியிருக்கிறார்: புதுப் பாத்திரத்தைக் கொழுப்பு மிகுந்த இறைச்சிச் சாற்றில் போட்டு வேகவைத்து, பிறகு நாற்றமெடுக்கும் சாக்கடையில் ஒரு மாதத்துக்கு மேல் போட்டு வைப்பார்களாம். இன்று சாக்கடைக்குப் பதில் அமிலம். மெருகின் பளபளப்பை அது மங்கவைக்கும்; தேயிலைச் சாயமும் மண்ணும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். உண்மையான தேய்மானம் கைபட்ட, தரைபட்ட இடங்களில்தான் இருக்கும், கீறல்கள் பல திசைகளில் ஓடும். உடம்பு முழுக்க ஒரே மாதிரி மங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

வண்ணம் முத்திரையைவிட நேர்மையான சாட்சி. செங்ஹுவா காலத்துக் கோழிக் கிண்ணம் ஒன்று 2014இல் ஹாங்காங் ஏலத்தில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம்தான். சேவல், பெட்டை, குஞ்சுகளின் கோடுகளை மெருகுக்கு அடியில் கோபால்ட் நீலத்தில் வரைந்து, ஏறத்தாழ 1300 டிகிரியில் சுட்டு, அப்புறம் சிவப்பு, பச்சை, மஞ்சளை மேலே நிரப்பி, 800 டிகிரி அளவில் மறுபடி சுட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நீலம் கண்ணாடிக்கு உள்ளேயும் மற்ற நிறங்கள் அதன் மேலேயும் நிற்பது தெரியும். சரி, இப்போது கவனியுங்கள். பொன்னிலிருந்து எடுக்கும், ஒளி ஊடுருவாத அந்த ரோஜா நிறம் 1720ஐ ஒட்டித்தான் சீனப் பீங்கானுக்கு வந்தது. ரோஜா நிறப் பூக்களும் செங்ஹுவா முத்திரையும் ஒரே கிண்ணத்தில் இருந்தால், அது செங்ஹுவா காலத்ததாக இருக்க வழியே இல்லை. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே எத்தனையோ பேருடைய பணம் தப்பியிருக்கும்.

ஐந்து நகம் கொண்ட டிராகன் இருந்தால் அரண்மனைப் பொருள்தானே என்று கேட்பார்கள். நகம் எண்ணப் போலிக்காரனுக்கும் தெரியும். அடுத்தது, "சின்னக் குறை இருந்ததால் அரண்மனை கழித்துவிட்டது, அதனால்தான் மலிவு" என்ற கதை. மிங் காலத்து அரசச் சூளையில் தேறாத பாத்திரங்களை உடைத்து, ஜூஷான் என்ற இடத்திலேயே புதைத்தார்கள். தொல்லியலாளர்கள் அந்தச் சில்லுகளைத்தான் தோண்டியெடுத்து ஒட்டி வைத்திருக்கிறார்கள். அப்படிக் கழித்த மிங் கிண்ணம் முழுசாக உங்கள் கைக்கு எப்படி வரும் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

இனி வீட்டில் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு. தயவுசெய்து தேய்க்காதீர்கள். பினாங்கிலிருந்து வந்த ஒரு நியோன்யா கிண்ணத்தைப் புளி போட்டு, பச்சை நாரால் தேய்த்து எடுத்து வந்தார்கள். ஜிங்டெஜென்னில் செய்து மலாயாவின் பெரனாக்கன் குடும்பங்களுக்கு, அதாவது அங்கே தலைமுறைகளாக வாழும் சீன வம்சாவளியினருக்கு, விற்றது. அரண்மனைப் பொருள் இல்லாவிட்டாலும் அருமையானது. பீனிக்ஸ் பறவையின் இறகில் இருந்த பச்சை வெளுத்துப்போய்விட்டது, விளிம்புப் பொன் அடியோடு இல்லை. மெருகுக்கு மேலே தீட்டும் வண்ணம் ஈயம் கலந்த மென்மையான கண்ணாடி. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அதை அரிக்கும். போன நிறத்தை யாராலும் திருப்பித் தர முடியாது, நான் உட்பட. அதே ஈயத்துக்காகத்தான் சொல்கிறேன், அதில் ஊறுகாயும் ரசமும் பரிமாறாதீர்கள். பாத்திரம் கழுவும் மெஷினில் போடவே போடாதீர்கள். உடைந்தால் கடைப் பசையால் ஒட்டாதீர்கள். சில்லுகளைத் தனித்தனியே மெல்லிய காகிதத்தில் சுற்றிக் கொண்டுவாருங்கள், பொடித்துண்டுகள் உட்பட. விளக்கு செய்கிறேன் என்று ஜாடியின் அடியில் துளை போடுவதைப் பற்றிப் பேசவே எனக்கு மனம் வரவில்லை.

வாங்கும் எண்ணம் இருந்தால், பணம் கொடுக்கும் முன், விற்பவரோடு தொடர்பில்லாத ஒருவரிடம் காட்டுங்கள். படம் அனுப்புவதானால் முத்திரையை மட்டும் அனுப்பாதீர்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அடி வளையம் முழுதும் தெரிகிற மாதிரி ஒன்று, உள்பக்கம் ஒன்று, விளிம்பு ஒன்று, பக்கவாட்டில் சாய்த்து வண்ணம் தெரிய ஒன்று. அளவையும் எடையையும் சேர்த்து எழுதுங்கள். "இன்னொருவர் கேட்கிறார், இன்றே முடிவு சொல்லுங்கள்" என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அவருக்கே விற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.