திருநர் மருத்துவக் காப்பீடு: எந்த அட்டை, எந்தப் பெயர்

திருநங்கையரும் திருநம்பியரும் மருத்துவமனையிலிருந்து திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் மருத்துவரின் அறையில் அன்று. அதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவின் ஜன்னலில் அது நடந்து முடிந்துவிடுகிறது. ஹார்மோன் சிகிச்சை, பாலின அறுவை சிகிச்சை, அவற்றுக்கு முன்னும் பின்னுமான ஆலோசனை, காப்பீடு ஆகியவற்றுக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. இப்போதைக்குச் சட்டப் பின்னணி இவ்வளவு போதும்.

முதல் சிக்கல் அட்டையில் தொடங்குகிறது. தமிழ்நாட்டுத் திருநங்கையர் நல வாரிய அட்டையும், ஒன்றிய அரசின் இணையதளம் வழியாக விண்ணப்பித்து மாவட்ட ஆட்சியரிடமிருந்து பெறும் திருநர் அடையாளச் சான்றிதழும் ஒன்றல்ல. 2022 ஆகஸ்ட் 24 அன்று ஒப்பந்தமான ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் என்னும் ஒன்றிய அரசின் திருநர் காப்பீட்டுத் திட்டம், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டை இந்தச் சான்றிதழ் உள்ளவர்களுக்கே, அதுவும் வேறு அரசுத் திட்டத்தில் அதே பயனைப் பெறாதவர்களுக்கே அளிக்கிறது. வாரிய அட்டையைக் கொண்டுபோய்க் காட்டி ஏமாந்து திரும்பியவர்கள் பலர்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றையும் குடும்ப அட்டையையும் கேட்பார்கள். வீட்டைவிட்டு விரட்டப்பட்டவரின் பெயர் பெற்றோரின் அட்டையில் பழைய பெயராகவே கிடக்கும், அல்லது நீக்கப்பட்டிருக்கும் என்பது கேட்பவருக்கும் தெரியும், தெரிந்தும் கேட்பார். ஆகவே தனிக் குடும்ப அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். உங்களுக்குத் தேவையான சிகிச்சையும் நீங்கள் போகும் மருத்துவமனையும் திட்டத்தில் உள்ளனவா என்பதை 1800 425 3993 என்ற எண்ணில் கேட்டுக்கொண்ட பிறகே புறப்படுங்கள்.

பெயர்தான் எல்லாவற்றிலும் பெரிய தொல்லை. சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர், காப்பீட்டு அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் என்றால் ஒப்புதல் நின்றுபோகும், ஓ.பி. சீட்டில் பழைய பெயர் அச்சாகி, கூட்டத்தின் நடுவே அதையே உரக்கக் கூப்பிடுவார்கள். எழுந்து போனால் நூறு கண்கள் திரும்பும், போகாவிட்டால் முறை தவறிவிடும். சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்று உள்ளிட்ட ஆவணங்களில் பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. முதலில் ஆதாரைத் திருத்துங்கள். மற்ற அலுவலகங்கள் அதைப் பார்த்துத்தான் அசையும். விண்ணப்பத்தில் தலைப்பெழுத்து எந்தப் பக்கம் வருகிறது என்பதைக்கூடச் சரிபாருங்கள், ஏனென்றால் ஒரு புள்ளிக்காகவும் மீண்டும் வரச் சொல்வார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் ஆண் அல்லது பெண் என்று திருத்திய சான்றிதழ் வேண்டுமென்றால், அதைச் செய்த மருத்துவமனையின் கண்காணிப்பாளரோ தலைமை மருத்துவ அலுவலரோ தரும் சான்று தேவைப்படும். ஆகையால் செய்த அறுவையின் பெயரைத் தெளிவாக எழுதிய டிஸ்சார்ஜ் சுருக்கம் கைக்கு வராமல் வார்டைவிட்டு வெளியே வராதீர்கள். ஆண்டுகள் கழித்துக் கேட்டால் பழைய கோப்பு இல்லை என்று கைவிரித்துவிடுவார்கள்.

சிகிச்சை மறுக்கப்பட்டால் ஜன்னலில் வாதாடிப் பயனில்லை. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுப்பதைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடை செய்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. அப்படி ஒருவர் இருப்பதே அங்கு பலருக்குத் தெரியாது. எனவே புகாரை அந்த அலுவலருக்கும் மருத்துவமனைத் தலைவருக்கும் ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.