ஆள்காட்டிப் பறவை அடைகாக்கும்போது நாம் எங்கே நிற்பது?

ஏரி உள்வாய் காய்ந்து வெடிப்பு விடும் காலத்தில்தான் ஆள்காட்டி முட்டையிடுகிறது. மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் போகும். இதற்கு மரமும் வேண்டாம், புதரும் வேண்டாம். வெட்டவெளித் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், அதைச் சுற்றிக் கொஞ்சம் சரளைக்கல், ஆட்டுப் புழுக்கை, காய்ந்த மண் சில்லு, அவ்வளவுதான் கூடு. உள்ளே பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூர்முனை நடுவே பார்க்கக் கிடக்கும். மண் நிறம், அதன்மேல் கருந்திட்டுகள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாலும் தரையாகத்தான் தெரியும். இந்தப் பறவையின் முட்டைகள் நாய்க்கும் கீரிக்கும் போவது ஒரு பக்கம் என்றால், பார்க்கப் போனவர்களின் கால் பட்டு உடைவது இன்னொரு பக்கம்.

நீர்நிலை ஓரங்களில் இருப்பது செம்மூக்கு ஆள்காட்டி. வறண்ட பொட்டலில் மஞ்சள்மூக்கு. இங்கே சொல்வது முக்கியமாகச் செம்மூக்கைப் பற்றி.

கூட்டைத் தேட நடக்காதீர்கள், உட்காருங்கள். பறவை கத்தும் இடத்தில் கூடு இருக்கும் என்று நினைத்து அங்கே போய்த் தேடுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. ஆள் வருவது தெரிந்ததும் அடையில் இருப்பது சத்தமில்லாமல் எழுந்து, குனிந்தபடி வெகுதூரம் ஓடி, அதன்பிறகுதான் பறந்து கத்தும். ஆளைக் காட்டிக்கொடுக்கும் பறவை என்று பேர் வாங்கியது, தன் கூட்டை மட்டும் காட்டிக்கொடுக்காது. இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு போனாலும், முட்டையே இல்லாத இடத்தில் அடையிருப்பதுபோல் உட்கார்ந்தாலும், அது உங்களுக்கான நாடகம். கரைமேல் மரத்தடியிலோ வண்டிக்குள்ளேயோ 80, 100 மீட்டர் தள்ளி அசையாமல் இருந்தால், கத்தல் அடங்கியதும் இரண்டில் ஒன்று நின்று நின்று நடந்துவரும். சட்டென்று உட்காராது. கழுத்தை நீட்டிப் பார்க்கும், இரண்டடி வைக்கும், மறுபடி பார்க்கும். கடைசியில் வயிற்று இறகைச் சிலிர்த்து, லேசாக ஆடியபடி படியும் இடம்தான் கூடு.

இடம் தெரிந்ததும் அடையாளத்துக்குக் குச்சி நடுவது, கல் அடுக்குவது, துணி கட்டுவது எதுவும் கூடாது. காக்காய் இதையெல்லாம் வெகு சீக்கிரம் கவனித்துவிடும். தூரத்துப் பனைமரம், கிட்டத்து வரப்பு முனை என்று ஒரே நேர்க்கோட்டில் வரும் இரண்டு பொருள்களை நோட்டில் குறித்தால் போதும். அருகில் போயே ஆகவேண்டுமென்றால், கூடுவரை போய் அதே வழியில் திரும்பாமல், பக்கவாட்டில் கடந்து நேரே போய்விடுங்கள். கூட்டோடு முடிகிற காலடி வாடை நாயை நேராக அங்கே கொண்டுபோய் விடும்.

பார்க்க ஏற்ற நேரம் காலை 6 முதல் 9, மாலை நாலரைக்கு மேல். நண்பகலில் போகவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வோம். முட்டைக்குள் இருக்கும் கரு 40 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தாங்காது. மே மாத வெறுந்தரையோ அதைவிட எவ்வளவோ அதிகமாகக் கொதிக்கும். அந்நேரத்தில் தாயோ தந்தையோ முட்டைமேல் நிற்பதே சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்கத்தான். பக்கத்துக் குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துவந்து அந்த ஈரத்தோடு உட்காருவதையும் பார்க்கலாம். போட்டோவுக்காக நீங்கள் நிற்கும் பத்து நிமிடம், அந்த நிழலைப் பிடுங்கும் பத்து நிமிடம்.

8×42 பைனாகுலர் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குறிப்பு: அடையில், நிழல் நிற்கிறது, கூட்டில் இல்லை. அடையில் இருக்கும் பறவை மாறும்போது நேரத்தை எழுதுங்கள், வயிறு நனைந்திருந்தால் அதையும். ஆண், பெண் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். தோற்றத்தை வைத்து எது எதுவென்று சொல்வது கடினம், ஊகித்து எழுதவேண்டாம். நீங்கள் உட்கார்ந்து கால் மணி நேரமாகியும் பறவை திரும்பவில்லை என்றால் தூரம் போதவில்லை. மேலும் 50 மீட்டர் பின்வாங்குங்கள். அதற்கும் வரவில்லையா, அன்றைக்குக் கிளம்பிவிடுங்கள்.

நான்கு முட்டைகளையும் ஒரே நாளில் இடுவதில்லை. எண்ணிக்கை நிறைந்த நாளிலிருந்து ஏறக்குறைய 28 முதல் 30 நாளில் குஞ்சு பொரியும். கோடையில் ஏரியில் வண்டல் எடுக்க ஜேசிபி இறங்குவதும் இதே மாதங்களில்தான். ஓட்டுநரிடம் இந்த நாள் கணக்கைச் சொல்லி, கூட்டைச் சுற்றிப் பத்து மீட்டரை விட்டுவைக்கக் கேளுங்கள். “இன்னும் பன்னிரண்டு நாள்தாண்ணே” என்று குறிப்பாகச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். “பறவையைக் காப்பாத்துங்க” என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டுவதோடு சரி. முட்டையை எடுத்து வேறிடத்தில் வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். இடம் மாறிய முட்டையைப் பறவை தேடிவந்து ஏற்கும் என்று நம்ப முடியாது. காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பதும் கூட்டைச் சிதைப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பொரித்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் நடந்துவிடும். பெற்றோர் கத்தியதும் தரையோடு ஒட்டிப் படுத்து அசையாது. இதைத்தான் தாய் விட்டுப்போன குஞ்சு என்று பலர் அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். வண்டிப் பாதையில் கிடந்தால் மட்டும் எடுத்து, பக்கத்து வரப்போரத்தில் விட்டுவிட்டுத் தள்ளிப் போங்கள். தலைக்குமேல் கத்திக்கொண்டிருப்பது அதன் தாய் தகப்பன்தான். நீங்கள் போகத்தான் காத்திருக்கின்றன.